பாப்பாவின் கம்பளிக் குல்லாய்

திருத்தணியை மெட்ராஸ் பக்கம் சேர்த்துவிட்டு, எங்கள் சித்தூரை ஆந்திராவிலேயே நிறுத்திக்கொண்ட சமயம் அது. பஸ்ஸில் ஏறினாலும் அதே பேச்சு, சந்தைக்குப் போனாலும் அதே பேச்சு. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் ஆரம்பித்துக் கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு கோடு விழுந்து கிடந்தது. அதை அழித்தவர் என் மாமியார். அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது, இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் பிறந்தது புத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். யார் வாசலிலும் போய் நிற்காத குடும்பம். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாதான், நான் நைனா என்று கூப்பிடுகிறவர், என்னை வளர்த்தார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. காலில் புண் புரையோடிச் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே மருந்து கலக்குகிற கம்பவுண்டர் ஒருவர் என் கட்டில் பக்கமாகவே அடிக்கடி நடந்துகொண்டிருந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அதற்காக ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டேன். நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. உன் இஷ்டம் என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. அதற்கு அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியாக, உயரமாக, கறுப்பாக இருப்பார். எப்போதும் வெள்ளைச் சேலைதான். விடியும் முன்பே எழுந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுவிடுவார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுவார். கடைசியில் எங்கள் எருமைக்கும் ஒரு வார்த்தை உண்டு. உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். அது கோயிலுக்கு, சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளில்கூட அந்தப் பிடி சின்னதானதை நான் பார்த்ததில்லை. கோயிலில் பாட்டுப் பாடும்போது அவர் குரல் ஒரு பக்கம் போகும், ராகம் ஒரு பக்கம் போகும். ஆனால் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவார்.

என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் மூப்பர். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து நடக்கும்போது அப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு போதகருக்குப் பின்னால் நடப்பது அவர் வேலை. அந்தத் தட்டைப் பிடிக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். கோபக்காரர். அத்தை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுவார். சாயங்காலம் அவர் காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார். "சரிங்க" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அத்தையிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சம்மதத்துக்கு ஒரு சரிங்க, கிண்டலுக்கு ஒரு சரிங்க, நான் நினைத்ததைத்தான் செய்வேன் என்பதற்கு ஒரு சரிங்க.

பாப்பா பிறந்தபோது நான் செத்துப் பிழைத்தேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். யாரோ நைனாவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணத்திலிருந்து என் முகத்தைப் பார்க்காதவர், கழனியிலிருந்து கால் சேற்றோடு அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். உள்ளே என் கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தை முழங்கால் போட்டுக்கொண்டிருக்க, வெளியே வேப்பமரத்தடியில் நைனா திருப்பதி மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றாராம். நானும் பிழைத்தேன், பாப்பாவும் பிழைத்தாள். அதற்குப் பிறகு நைனா வந்து போக ஆரம்பித்தார். எனக்குப் பிறந்த வீடு திரும்பக் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறக்கிற பிள்ளையின் முதல் முடி மலைக்குத்தான். மூன்று வயசு முடிவதற்குள், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுப்பார்கள். நான் மதம் மாறினபோதே அதெல்லாம் போயிற்று என்று விட்டுவிட்டேன். நைனாவும் என்னிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பாப்பாவுக்குச் சுருட்டை முடி, காடு மாதிரி வளர்ந்தது. பேன் வருகிறது என்று கோயில் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்ட வெட்டிவிடுவார்கள். அத்தை மட்டும் பாப்பா தலையில் கத்தரியே வைக்க விடவில்லை. இருக்கட்டும், இருக்கட்டும் என்று தினமும் மடியில் போட்டுச் சிக்கெடுத்து ரிப்பன் கட்டுவார். பேத்தி முடிமேல் இத்தனை ஆசையா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கார்த்திகையில் பாப்பாவுக்கு மூன்று முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாமா சபை வேலையாகப் பலமனேருக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில். நைனா வந்து அத்தையிடம் கிணற்றங்கரையில் ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, பாப்பாவைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய் மரப்பொம்மை வாங்கித் தருகிறேன் என்றார். திருச்சானூரில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் வந்துவிடுவதாகச் சொன்னார். நான் யோசித்தேன். அத்தைதான், போய் வரட்டும் விடும்மா என்றார். இட்லியைக் கட்டிக் கொடுத்தார். மாற்றுச் சட்டை வைத்தார். கடைசியில் அவரே பின்னிய சிவப்புக் கம்பளிக் குல்லாய் ஒன்றையும் பைக்குள் திணித்தார். வெயில் இப்படி அடிக்கிறது, குல்லாய் எதற்கு என்று கேட்டேன். மலை மேலே பனி இறங்கும் என்றார். திருப்பதி கீழேதானே இருக்கிறது, எந்த மலை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா ஊரிலிருந்து திரும்பி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா கையில் மரப்பொம்மையோடு, தலையில் சிவப்புக் குல்லாயோடு ஓடி வந்தாள். மாமா ஆசையாகத் தூக்கிக் கொஞ்சினார். குல்லாய் கீழே விழுந்தது. உள்ளே மொழுமொழுவென்று மொட்டைத் தலை, மஞ்சளாகச் சந்தனம்.

மாமா பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டார்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்றார்.

அத்தை சொம்பில் தண்ணீரோடு கதவோரம் வந்து நின்றிருந்தார். நைனா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரையும் கேக்கல. எம் பேத்தி, நானா செஞ்சேன்."

"அப்படின்னா இனிமே இந்தப் படியை மிதிக்காதீங்க."

நைனா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மறுபடி சரியாகப் போட்டுக்கொண்டே போனார். நான் அழவில்லை. அந்த வீட்டில் யார் முன்னாலும் அழுது எனக்குப் பழக்கம் இல்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து என் சேலைகளை மடித்து வைத்தேன். என் நைனா மிதிக்கக் கூடாத படியை நான் மட்டும் எதற்கு மிதிக்க வேண்டும்? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்று முழித்தார். அத்தைதான் வந்து பெட்டியை மூடினார். கிறிஸ்துமஸ் வரைக்கும் இரு, அப்புறமும் போகணும்னா நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றார். அவர் முகம் அன்றைக்கு அவர் முகமாகவே இல்லை. அதைப் பார்த்துத்தான் இருந்தேன்.

விஷயம் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அப்போது சபையில் வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சித்தூர் இனிமேல் ஆந்திராதான் என்று ஆனதும், தமிழ் ஆராதனை காலையிலா தெலுங்கு ஆராதனை காலையிலா என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள் பக்கம் பேசுகிற மூப்பர் என் மாமனார். அவர் பேத்தியே திருப்பதி மொட்டையோடு தெருவில் விளையாடினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாப்பாவைத் தேவதூதனாக நிறுத்துவதாக இருந்தது. போதகர் வீட்டம்மா வந்து, மொட்டைத் தலையோடு எப்படிம்மா என்று இழுத்தார். தேவதூதனுக்கு முடி இருந்ததை யார் போய்ப் பார்த்தார்கள் என்று அத்தை சாதாரணமாகக் கேட்டார். போதகர் வீட்டம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் வேறு பிள்ளையைத்தான் நிறுத்தினார்கள்.

சபைக் கமிட்டி கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் மாமா எழுந்து நிற்க வேண்டும். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வஞ்சகமாக நடந்தது, அந்தச் சம்பந்தி உறவை வெட்டிவிட்டோம் என்று சபை முன்னால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எங்கள் எல்லாருக்கும் திருவிருந்து உண்டு. மாமா ஒப்புக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது நடந்த உண்மைதானே. எனக்குத்தான், அந்த வார்த்தை சபையில் விழுந்துவிட்டால் நைனா என் வாழ்நாளில் இந்த வீட்டுக்கு வர மாட்டார் என்று நன்றாகத் தெரிந்தது. என் நைனாவுக்கும் கர்வம் உண்டு. எனக்கு எங்கிருந்து வந்தது?

அந்த நாட்களில் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. மாமா காலுக்குச் சுடுதண்ணீர் வைத்துவிட்டு அங்கேயே நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார். மாமா என்ன என்று கேட்டால், தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் அன்று கோயில் நிறைந்திருந்தது. அந்தக் காலத்தில் தரையில் பாய்தான். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பாப்பா அத்தை மடியில் உட்கார்ந்திருந்தாள், தலையில் அதே சிவப்புக் குல்லாய். பாட்டு முடிந்ததும் போதகர் மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் என் பக்கத்தில் பாய் சரசரத்தது. பாப்பாவை என் மடியில் வைத்துவிட்டு அத்தை எழுந்து நின்றிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஆராதனை நடுவில் யாரும் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக்காரர் சொல்லப்போறது அவர் வரைக்கும் நெஜம். அவருக்குத் தெரியாது. ஆனா அது பொய்யி. கோயில்ல நின்னுக்கினு அவர் தெரியாமகூடப் பொய் சொல்லக் கூடாது. சம்பந்தி அண்ணா என்னைக் கேட்டுத்தான் குழந்தையை இட்டுக்கினு போனாரு. நான்தான் அனுப்பினேன். இந்தக் குல்லாயும் நான் வச்சு அனுப்பினதுதான்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கத்தரி படாத முடி, கிணற்றங்கரைப் பேச்சு, மலைமேல் இறங்குகிற பனி. நைனா அன்றைக்கு ஏன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார் என்பதும் விளங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அத்தை அவர் வீட்டுக்காரர் முன்னால் மாட்டிக்கொள்வாரே என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

போதகர் நல்ல மனுஷர். தெரிந்தே எப்படிம்மா அனுப்பினீர்கள் என்று வருத்தமாகத்தான் கேட்டார்.

"இவ பொறக்கறப்ப நான் உள்ள முழங்கால் போட்டுக்கினு இருந்தேன். அவர் வெளிய முடி நேர்ந்துக்கினு இருந்தாரு. அதைச் செய்யாம அந்த மனுஷன் நிம்மதியா ஒரு வாய் சோறு துன்ன மாட்டாரு ஐயா. குடுத்த வாக்கைக் காப்பாத்தணும்னுதான நீங்க எனக்கும் சொல்லிக் குடுத்தீங்க? முடியைக் குடுத்த ஆண்டவருக்குத் திரும்ப முளைக்க வைக்கத் தெரியும். உறவை வெட்டினா அது முளைக்காது." எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "தப்புன்னா என்னை நிறுத்துங்க. இவங்களை நிறுத்தாதீங்க."

போதகர் கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். சபைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, கமிட்டி மறுபடி கூடிப் பேசும் வரைக்கும் நீங்கள் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்றார். அத்தை கைகூப்பினார். உட்கார்ந்து, என் மடியிலிருந்து பாப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து ஒரு திருவிருந்தைத் தவறவிடாதவர் அவர். ஜுரத்தில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போவார். முகம் மட்டும் ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய முகமாக இருந்தது.

திருவிருந்து ஆரம்பித்தது. மாமா போய் அப்பத் தட்டை எடுத்தார். போதகருக்குப் பின்னால் நாலடி நடந்தார். பிறகு நின்றுவிட்டார். தட்டைப் பக்கத்தில் இருந்த இன்னொரு மூப்பர் கையில் கொடுத்தார். கோயில் நடுவில் நடந்து, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்து, அத்தைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அத்தை அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலை முந்தானையை இழுத்து அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார், அவ்வளவுதான்.

பாப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தாத்தா, இது பொம்பளைங்க பக்கம்" என்றாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

"தெரியும் பாப்பா" என்றார் மாமா.

ஆராதனை முடிந்ததும் மாமா வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கறிக்குழம்பு ஆறியது. அவர் வராமல் அத்தை சாப்பிட மாட்டார், அத்தை சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? பொழுது சாய்கிற நேரத்துக்குப் புத்தூர் பஸ் வந்து நின்றது. கிறிஸ்துமஸ் புதுச் சட்டை கசங்கிப்போய் மாமா இறங்கினார். அவருக்குப் பின்னால் நைனா இறங்கினார்.

படிக்குப் பக்கத்தில் வந்ததும் நைனா நின்றுவிட்டார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகப் படியேறினார்கள். அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை நைனா குடித்தார். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே புகை, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்ததும் நைனா தயங்கினார். மார்கழியில் அவர் கறி தொட மாட்டார். அதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கும்போதே, அத்தை உள்ளேயிருந்து புதுச் சட்டியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்து வைத்தார். காலையில் கோயிலுக்குப் போகும் முன்பே தனியாகச் செய்து மூடி வைத்திருக்கிறார். நான் வருவேன்னு எப்படித் தெரியும் தங்கச்சி என்று நைனா கேட்டார். அத்தை மாமா பக்கம் கையைக் காட்டினார்.

"இவரைத்தான் எனக்குத் தெரியுமே அண்ணா."

மாமா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, சரிங்க என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டது அப்போதுதான். வீடே சிரித்தது.

ஈஸ்டர் சமயத்தில் அத்தையைத் திரும்பத் திருவிருந்துக்குக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் மாமாவும் தட்டைத் தொடவில்லை, அப்பமும் வாங்கவில்லை. பாப்பாவுக்கு முன்னைவிட அடர்த்தியாகச் சுருட்டை முடி வளர்ந்தது. எனக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து அத்தை அரிசிப் பானை பக்கத்தில் ஜெபம் பண்ணினார். அந்த வரிசையில் என் நைனா பேரும் சேர்ந்திருந்தது, எருமைக்கு முன்னால். மாமா படுக்கையில் விழுந்தபோது அத்தை குழந்தைக்குச் செய்வது மாதிரி எல்லாம் செய்து, முகம் சுளிக்காமல் அவரை வழியனுப்பினார்.

கடைசியில் அத்தையும் படுத்தார். நைனா பார்க்க வந்தார். தள்ளாத வயது, கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். தலை பளபளவென்று மழித்திருந்தது. தங்கச்சிக்கு உடம்பு தேறணும்னு மலைக்குக் குடுத்துட்டு வந்தேன் என்றார். ஏற்கெனவே அவர் தலையில் ஓரமாக நாலு வெள்ளை முடிதான் இருந்தது. அத்தை அந்தத் தலையைப் பார்த்தார். இதைக் குடுத்து ஏமாத்தினீங்களா அண்ணா என்று கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்து எதையோ எடுக்கச் சொன்னார். அந்தச் சிவப்புக் குல்லாய். நைனாவைக் குனியச் சொல்லி, தன் கையால் அவர் உச்சந்தலையில் வைத்தார். அது அங்கே பூ மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. நைனாவும் அதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தை சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை.

அந்தக் குல்லாய் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. எனக்கு எழுத்து சரியாக வராததால், நான் சொல்லச் சொல்லப் பாப்பாதான் இதை எழுதுகிறாள். அவளும் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், சுருட்டை முடி நரைத்துவிட்டது. நான் முழங்கால் போடும்போதெல்லாம், கதவுக்கு வெளியே ஏதோ ஒரு மரத்தடியில் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த விதத்தில் நமக்காக வேண்டிக்கொண்டு நிற்பார் என்ற நினைப்பு வருகிறது. அவருக்கும் சேர்த்துத்தான் ஆமென் சொல்லி எழுந்திருக்கிறேன்.